களைத்துப்போன அம்மாக்கள் தங்கி இளைப்பாற நம்ம டெல்டாவில் ஓர் இடம் இருந்ததா?

குடமுருட்டிக் கரை:

வணக்கம். பாபநாசம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பழைய சத்திரம், படித்துறை, கோயில் பற்றியெல்லாம் இங்கே விவரம் தெரிந்தவர்கள் நிறைய பேர் எழுதுகிறீர்கள். அதனால் உங்களிடமே கேட்கிறேன்.

என்னோடு படித்த சிநேகிதி ஒருத்தி ஜெர்மனியில் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள், வேலை, ஒத்தாசைக்கு ஆள் கிடையாது. உடம்பும் மனசும் ஓய்ந்துபோய் டாக்டரிடம் போயிருக்கிறாள். அவர் மூன்று வாரம் ஒரு ஓய்வு இல்லத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆற்றை ஒட்டிய கட்டடம். சமைக்க வேண்டாம், பாத்திரம் தேய்க்க வேண்டாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அங்கேயே ஆள். இதற்கென்று எழுபது வருஷத்துக்கு மேலாக ஓர் அமைப்பு நடக்கிறதாம். கேட்டதிலிருந்து இதே யோசனையாக இருக்கிறேன்.

நம்மிடம் வளைகாப்பு இருக்கிறது, தாய்வீட்டுப் பிரசவம் இருக்கிறது, பத்தியச் சாப்பாடு இருக்கிறது. பெற்றவளைத் தாங்குவதில் நம் பக்கம் குறைவே வைத்ததில்லை. பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் லேகியமும் கொடுத்து, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டி, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் புருஷன் வீட்டுக்கு அனுப்புவார்கள். சரி. அதே பிள்ளைக்குப் பத்து வயதாகும்போது அவள் நடுக்கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்கு என்ன இருக்கிறது? முன்னாலாவது ஏதாவது இருந்ததா? சத்திரங்களில் பெண்கள் தங்கினார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலக்கரைப் பெண்:

நான் பிறந்து வளர்ந்தது கும்பகோணம், இப்போது இருப்பது நூரம்பெர்க். நீங்கள் சொல்லும் அமைப்பை நன்றாகவே தெரியும். பெயர் ம்யூட்டர்கெனேசுங்ஸ்வெர்க். அதன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1950 ஜனவரி 31 அன்று தொடங்கியது. தொடங்கியவர் எல்லி ஹாய்ஸ்-க்னாப். மேற்கு ஜெர்மனியின் முதல் ஜனாதிபதி தியோடர் ஹாய்ஸின் மனைவி. ஜனாதிபதி மனைவி என்றதும் ரிப்பன் வெட்டுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஆசிரியையாக இருந்தவர். நாஜிகள் வந்து கணவரின் வேலை போனபோது, வானொலி விளம்பரங்கள் எழுதிக் குடும்பத்தை நடத்தினவர். பாட்டோடு வரும் விளம்பரத்தை ஜெர்மன் வானொலிக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். ஜனங்களிடம் எப்படிப் பேசினால் காது கொடுப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்தத் திறமைதான் பிறகு அன்னையர் தினத்தில் தெருத்தெருவாக உண்டியல் குலுக்கி நிதி திரட்டப் பயன்பட்டது.

போர் முடிந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். புருஷன் திரும்பி வரவில்லை, அல்லது கைகால் இழந்து வந்தான். ஊர் இடிந்து கிடக்கிறது. கிழக்கிலிருந்து லட்சக்கணக்கில் அகதிகள். அத்தனையையும் பெண்கள்தான் தூக்கிச் சுமந்தார்கள். எல்லி அம்மையார் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை. அன்டோனி நோபிட்ச் என்ற பெண்மணி 1930களிலிருந்தே பவேரியாவில் சர்ச் வழியாகத் தாய்மாருக்கான பணியை நடத்திவந்தார். எங்கள் ஊருக்குப் பக்கத்தில், ரெட்னிட்ஸ் ஆற்றோரத்தில் ஷ்டைன் என்று ஒரு சின்ன ஊர். அந்தப் பணியின் மையம் அங்கேதான். புதிய அமைப்பின் அலுவலகமும் முதலில் அங்கேயே இருந்தது, இப்போது பெர்லினில். எல்லி செய்தது, தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்த 5 தொண்டு அமைப்புகளை ஒரே கூரைக்குள் உட்கார வைத்தது. கத்தோலிக்கர், புரோட்டஸ்டன்ட், தொழிலாளர் நல அமைப்பு, செஞ்சிலுவை என்று ஒருவரோடு ஒருவர் அவ்வளவு ஒட்டாதவர்கள். 1952-ல் அவர் இறந்துவிட்டார். பிறகு வந்த ஜனாதிபதிகளின் மனைவிமார் அந்தப் புரவலர் பொறுப்பை ஏற்று வந்திருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் அம்மா மட்டும் தனியாகப் போவாள், பிள்ளைகளை விட்டுவிட்டு. பிள்ளைகளோடு போகிற வழக்கம் பின்னால் வந்தது. 2007-லிருந்து மருத்துவக் காப்பீடு கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய சிகிச்சைகளில் இதுவும் ஒன்று. டாக்டர் சான்று வேண்டும். பொதுவாக 3 வாரம், 4 வருஷத்துக்கு ஒரு முறை. நம் கையிலிருந்து ஒரு நாளைக்கு 10 யூரோ. 2013-லிருந்து அப்பாக்களுக்கும், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் உண்டு.

முத்தாம்பாள்புரத்து வாத்தியார்:

நல்ல கேள்வி அம்மா. நான் ஒரத்தநாட்டுக்காரன், ஓய்வுபெற்ற ஆசிரியன். எங்கள் ஊரிலிருந்தே பதில் சொல்கிறேன்.

ஊர் நடுவில் நிற்கும் முத்தாம்பாள் சத்திரத்தைப் பலர் பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பீர்கள். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி தன் அன்புக்குரிய முத்தாம்பாளின் நினைவாக 1802 வாக்கில் கட்டினார். தன் பெயரில் ஓர் அன்னசத்திரம் வேண்டும் என்பது அந்த அம்மையாரின் கடைசி ஆசை என்பார்கள். தஞ்சாவூரிலிருந்து ராமேசுவரம் போகும் பாதையில் இப்படி வரிசையாகச் சத்திரங்கள். ராஜாமடம், சேதுபாவாசத்திரம், மணமேல்குடி, மீமிசல். பல சத்திரங்களுக்கு அரண்மனைப் பெண்களின் பெயர்: முத்தாம்பாள், மோகனாம்பாள், திரௌபதாம்பாள், ராஜகுமாராம்பாள், யமுனாம்பாள். வழிநடையாகச் சேதுவுக்குப் போகிறவர்கள் தங்கிச் சாப்பிட்டுப் போக.

இனி நீங்கள் கேட்ட விஷயம். 1799 ஒப்பந்தத்தில் ராஜ்யத்தின் நிர்வாகத்தைக் கும்பினி, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி, எடுத்துக்கொண்டது. சத்திரங்களும் கையை விட்டுப் போய்விடுமோ என்று சரபோஜிக்குக் கவலை. 1801-ல் தஞ்சாவூரில் கும்பினியின் பிரதிநிதியாக (ரெசிடெண்ட்) இருந்த பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களில் என்னென்ன நடக்கிறது என்று அதில் விவரமாகச் சொல்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை வருகிற எல்லாருக்கும் சோறு. வெந்த சோறு வேண்டாதவருக்கு அரிசியும் சாமான்களும். நோயாளிக்கு வைத்தியமும் பத்தியமும். அநாதைப் பிள்ளைகளுக்குப் பராமரிப்பும் படிப்பும். கைக்குழந்தைக்குப் பால். கர்ப்பிணியாக வருகிற பெண்ணுக்கு அந்த நிலைக்கு வேண்டியதெல்லாம் செய்கிறார்கள். அங்கேயே பிரசவமானால் மருந்தும் உணவும் கொடுத்து, அதன் பிறகு 3 மாதம் சத்திரத்திலேயே தங்க அனுமதி.

3 மாதம்! இதைத்தான் நான் வகுப்பில் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். யார் பெற்ற பெண்ணோ, எந்த ஊர்க்காரியோ, அவளைக் கைக்குழந்தையோடு மறுவாரம் வாசலில் நிறுத்தக்கூடாது என்று 200 வருஷத்துக்கு முன்னால் விதி வைத்திருந்தார்கள்.

நீடாமங்கலம் யமுனா:

வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்து நெஞ்சு நிறைந்துபோனது. எங்கள் ஊர்ப் பழைய பெயரே யமுனாம்பாள்புரம்தான். யமுனாம்பாள் பிரதாபசிம்ம ராஜாவின் ராணி. பிள்ளை வரம் கேட்டு அவர்கள் கட்டியதுதான் சந்தானராமர் கோயில் என்று தல வரலாறு சொல்கிறது. இன்றைக்கும் குழந்தை வேண்டி எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். சத்திரமும் அந்த அம்மாள் பெயரில்தான்.

ஆற்றங்கரை என்று கேட்டீர்களே, எங்கள் ஊரைவிட வேறு எது? வெண்ணாறு இங்கே வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. மூணாறு தலைப்பு என்போம். தண்ணீர் வருகிற காலத்தில் அந்த ஷட்டர் பக்கத்தில் நின்றாலே பாதி அசதி போய்விடும்.

மலைக்கோட்டை நிழல்:

திருச்சியிலிருந்து ஒரு சேர்க்கை. தாயுமானவர் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் இந்தப் பேச்சுக்காகவே உண்டான கதை போல இருக்கிறது. நிறைமாத கர்ப்பிணியான ரத்தினாவதி. பிரசவம் பார்க்கப் பூம்புகாரிலிருந்து வரும் அம்மா காவிரி வெள்ளத்தில் அக்கரையில் மாட்டிக்கொள்கிறாள். இங்கே வலி எடுத்துவிட்டது. சிவன் அந்த அம்மாவின் உருவிலேயே வந்து பிரசவம் பார்க்கிறார். வெள்ளம் வடிந்து உண்மையான அம்மா வந்தபோதுதான் விஷயம் தெரிகிறது. சுகப்பிரசவம் ஆனால் வாழைத்தார் கட்டுகிற நேர்த்திக்கடன் இன்றும் உண்டு.

தஞ்சைப் பக்கம் திருக்கருகாவூர், வெட்டாற்றங்கரையில். கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் நெய்யும் விளக்கெண்ணெயும் வாங்காத குடும்பம் டெல்டாவில் குறைவு. ஆற்றங்கரை, தாய்மை, அடைக்கலம் இந்த மூன்றும் நம் பக்கம் எப்போதும் சேர்ந்தே வந்திருக்கின்றன.

குடமுருட்டிக் கரை:

எல்லாருக்கும் நன்றி. 3 மாதம் என்கிற விதியைப் படித்துக் கண் கலங்கிவிட்டது ஐயா.

ஆனால் கவனித்தீர்களா? சத்திரம், தாயுமானவர், கருகாவூர், எல்லாமே பிரசவத்தில் போய்த்தான் நிற்கிறது. சர்க்காரும் அப்படித்தான். முத்துலட்சுமி ரெட்டி பெயரில் இருக்கிற மகப்பேறு உதவி 2006-ல் 6000 ரூபாய், 2011-ல் 12000, 2018-ல் 18000 என்று வளர்ந்தது. அரசு ஊழியர்களுக்கு 2021-லிருந்து ஒரு வருஷம் மகப்பேறு விடுப்பு. ஒவ்வொன்றும் பெரிய காரியம், வாங்கிய பெண்களுக்குத்தான் அருமை தெரியும். ஆனால் நாம் அம்மாவைத் தாங்குவது குழந்தைக்காகத்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது. குழந்தை தேறிவிட்டால் தாங்குவதும் நின்றுவிடுகிறது.

தாய்வீடு இருக்கிறதே என்பீர்கள். அம்மா இருக்கும்வரைதான் தாய்வீடு. அம்மா போன பிறகு அது அண்ணி வீடு. அண்ணி எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் அவளும் களைத்தவள்தானே, அவள் கையால் சாப்பிட்டுவிட்டு நான் எப்படிக் கால் நீட்டிப் படுக்க முடியும்? எழுந்து போய் வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டு நிற்பேன்.

ஆடிப்பெருக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். காவிரிக்குக் காதோலை கருகமணி விட்டு, மஞ்சள் சரடு கட்டி, காப்பரிசி தின்று, கரையில் உட்கார்ந்து கலந்த சாதம் சாப்பிடுகிற நாள். பெண்களின் திருநாள். அன்றைக்கு விடியலில் எழுந்து புளிசாதம், தேங்காய்ச்சாதம், தயிர்சாதம் கிளறித் தூக்குவாளியில் அடைக்கிறது யார்?

மாயவரம் பேரன்:

அக்கா, ஒன்று விட்டுப்போகிறது. துலா மாதம். ஐப்பசி முழுக்க மாயவரத்தில் தங்கித் துலாக்கட்டத்தில் குளிக்கிற வழக்கம். கடைசி நாள் கடைமுழுக்கு, கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு. எங்கள் தெருவில் அந்த மாதத்துக்கென்று வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடுவார்கள். வந்து தங்கியவர்களில் வயதான பெண்கள் அதிகம். எங்கள் பாட்டி வீட்டுத் திண்ணையில் அவர்கள் உட்கார்ந்து பேசிய பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஊரில் மருமகள், பேரன், மாடு, களத்துமேடு என்று ஓடினவர்கள், இங்கே ஒரு மாதம் தனக்கென ஒரு வேளைப் பொங்கி, இரண்டு வேளை ஆற்றில் முழுகி, சாயங்காலம் மயூரநாதர் கோயிலில் உட்கார்ந்திருப்பார்கள். அபயாம்பிகை சந்நிதி முன்னால் ஒரு பாட்டி தூங்கிக்கொண்டே இருப்பாள், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

புண்ணியம் என்று பெயர் வைத்தால்தான் நம் பெண்கள் வீட்டை விட்டு வரமுடிந்தது. ஓய்வு என்று சொல்லிக் கிளம்பியிருந்தால் விட்டிருப்பார்களா?

வெண்ணாற்று வரப்பு:

எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் கிராம சுகாதார செவிலியர். நடவுக்குப் போன அம்மாவின் மகள். அதனால் கொஞ்சம் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சத்திரம் யாருக்கு? வழிப்போக்கருக்கு. ராமேசுவரம் போகிறவள், வழியில் வலி எடுத்தவள், அவளுக்கு 3 மாதம். நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சத்திரத்தில் பொங்கிய அரிசியை விளைவித்தவள் பண்ணையாள் பெண். அவள் அந்த ஊரிலேயே இருந்தவள். அவளுக்கு வழிப்பயணம் ஏது? பண்ணையை விட்டு 3 மாதம் போய் எங்கே உட்காருவது? கடிதத்தில் பிராமணர் முதல் பறையர் வரை என்று இருக்கலாம். உட்காரவைத்த இடமும் சமைத்த அடுப்பும் ஒன்றா என்று கேட்டால் பதில் நம் எல்லாருக்கும் தெரியும். 1952-ல்தான் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமே வந்தது. அதற்குப் பிறகும் பிள்ளை பெற்று ஒரு மாதம் முழுதாய்ப் படுத்திருந்தேன் என்று சொன்ன கிழவியை நான் எங்கள் தெருவில் பார்த்ததில்லை. வரப்போர மரத்தில் ஏணை கட்டி, நடுப்பகலில் நாற்றங்காலிலிருந்து சேற்றுக் காலோடு வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

நூறு நாள் வேலைச் சட்டத்தில், வேலைத்தளத்தில் 6 வயதுக்குள் 5 குழந்தைகள் இருந்தாலே பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று எழுதியிருந்தது. அதையாவது கேட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர்?

களைத்த தாய் என்றால் எனக்கு முதலில் தெரிவது குனிந்த முதுகு. இடுப்பு வலி, கர்ப்பப்பை இறக்கம், ரத்தசோகை, வெள்ளைப்படுதல். வீடு வீடாகப் போகிறபோது இதைத்தான் கேட்கிறேன். “கொஞ்ச நாளைக்குப் பாரம் தூக்காதீங்க, ரெஸ்ட் எடுங்க” என்று சொல்லிவிட்டு வருகிறேன். எங்கே எடுப்பாள், யார் வீட்டில் எடுப்பாள் என்று சொல்ல என்னிடம் ஒரு இடம் இல்லை.

முத்தாம்பாள்புரத்து வாத்தியார்:

நீங்கள் சொல்வது சரி அம்மா. சத்திரம் வழிப்போக்கருக்கானது, உள்ளூர்க்காரிக்கு அதில் உரிமை இருந்ததாகத் தெரியவில்லை. அந்தக் காலத்துச் சாதி வரிசையும் அதற்குள் இருந்தது.

அது எப்படித் தேய்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1855-ல் தஞ்சை ராஜ்யமே முடிந்தது. சத்திரங்களும் அவற்றின் நிலங்களும் சர்க்கார் கைக்குப் போய், பிறகு ஜில்லா போர்டு நிர்வாகத்துக்கு வந்தன. 1914-ல் பாம்பன் பாலம் திறந்து ரயில் ராமேசுவரத்துக்கே போனது. அதோடு நடந்து போகும் யாத்திரை நின்றது, சத்திரத்துக்கு வேலையும் குறைந்தது. எங்கள் ஊர்ச் சத்திரம் பல காலம் மாணவர் விடுதியாக இருந்தது. ஏழைப் பிள்ளைகள் பலர் அந்த முற்றத்தில் படித்து மேலே வந்தவர்கள், அதை ஒரு குறையாகச் சொல்லமாட்டேன். ஆனால் அதன் விதிகளில் இருந்த கர்ப்பிணியும் கைக்குழந்தையும் எப்போது வெளியே போனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

பிரசவம் பார்க்கிற வேலை ஆஸ்பத்திரிக்குப் போனது. மிராசுதார்கள் கொடையால் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த ராசா மிராசுதார் மருத்துவமனை இன்றைக்குத் தஞ்சை வட்டாரத்துக்கே தாய் சேய் ஆஸ்பத்திரி. நல்ல மாற்றம். எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. ஆஸ்பத்திரி நோயைப் பார்க்கும், கட்டில் காலியாக வேண்டும், அனுப்பிவிடும். தங்கவைக்கிற பகுதியை மட்டும் யாரும் கையில் எடுக்கவில்லை.

நன்னிலம் தம்பி:

மாற்றுக் கருத்து ஒன்று. மூன்று வாரம் எங்காவது கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பக் கூட்டிவந்தால், வீடு அப்படியேதானே இருக்கும்? அதே அடுப்பு, அதே குவிந்த பாத்திரம். கூடவே மூன்று வாரத் துணி. ஆம்பளைங்க நாங்க வீட்டுவேலையில் கைவைக்காமல், அம்மாவுக்கு ஓய்வு இல்லம் கட்டுவது பிரச்சினையைத் தள்ளிப்போடுவதுதான். என் அம்மாவுக்கு விடுதி வேண்டாம், ராத்திரி பத்து மணிக்கு மேல் அடுப்படியில் நிற்காமல் இருந்தால் போதும். நானும் தங்கையும் முறை வைத்துப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்த பிறகு அவர் சீரியல் முடிந்ததும் தூங்கப் போகிறார்.

பாலக்கரைப் பெண்:

தம்பி, நீங்கள் செய்கிறதுதான் அடிப்படை. அது இல்லாமல் மற்றது எதுவும் நிலைக்காது. இங்கேயும் அந்தக் கேள்வி பலமாக எழுந்தது. அதனால்தான் இவர்கள் விடுதியை மட்டும் நடத்துவதில்லை. போவதற்கு முன் ஆலோசனை, அங்கே சிகிச்சை, திரும்பி வந்த பிறகு தொடர்ந்து கவனிப்பு என்று மூன்றையும் ஒரு சங்கிலியாக வைத்திருக்கிறார்கள். வீட்டில் எதை மாற்றுவது, யாரிடம் எதை ஒப்படைப்பது என்று அங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள்.

நானே போய் வந்தவள். முதல் வாரம் முழுக்கத் தூங்கினேன். இரண்டாம் வாரம்தான் எனக்கு என்ன பிடிக்கும் என்று யாரோ கேட்டபோது பதில் தெரியவில்லை என்று அழுதேன். என்னோடு இருந்த ஒரு லாரி ஓட்டுநரின் மனைவியும் அதே கேள்விக்கு அழுதாள். இன்னொரு வீட்டுப் பெண்ணும் நம்மைப் போலத்தான் என்று தெரிவதே பாதி மருந்து. அதை வீட்டிலேயே இருந்தால் பெறமுடியாது. அப்பா, அண்ணன் எல்லாரும் பாத்திரம் தேய்த்தாலும்கூட.

மாயவரம் பேரன்:

துலாமாதத் திண்ணையிலும் அதுதானே நடந்தது.

சுவாமிமலைக்காரர்:

எங்கள் பக்கம் காவிரியை ஒட்டி நல்ல நல்ல ரிசார்ட் வந்துவிட்டது. ஓட்டு வீடு, தென்னந்தோப்பு, எண்ணெய்க் குளியல், வாழையிலைச் சாப்பாடு எல்லாம் உண்டு. வெளிநாட்டுக்காரர்களும் சென்னைக்காரர்களும் வருகிறார்கள். ஒரு ராத்திரி வாடகையை நடவுக்கூலியால் வகுத்துப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். அங்கே பெருக்குகிற, பாத்திரம் தேய்க்கிற பெண்கள் எல்லாம் நம் ஊர் அம்மாக்கள்தான். ஆற்றைப் பார்த்து ஓய்வெடுக்க ஏற்பாடு இருக்கிறது, அவர்களுக்கு இல்லை.

குடமுருட்டிக் கரை:

செவிலியர் சகோதரி எழுதியது இரவெல்லாம் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. என் எண்ணத்தை இப்போது தெளிவாகச் சொல்கிறேன்.

பழைய கட்டடத்தைப் புதுப்பித்து அருங்காட்சியகம் ஆக்குவது எனக்குப் போதாது. சரபோஜி எழுதியதில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த விதி. “வந்தவளை 3 மாதம் இருக்கவிடு” என்பது. அதில் இரண்டை மட்டும் மாற்ற வேண்டும். வழிப்போக்கருக்கு என்பது உள்ளூர்க்காரிக்கு என்று ஆகவேண்டும். பிரசவித்தவளுக்கு என்பது களைத்தவளுக்கு என்று ஆகவேண்டும். 3 மாதம் வேண்டாம், 10 நாள் போதும். ஒரே பந்தி, ஒரே அடுப்பு. இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது.

சத்திர நிலங்கள் தானதருமத்துக்கென்று விட்டவை. அந்த நிர்வாகம் இன்னும் மாவட்ட ஆட்சியரின் கீழ் இருக்கிறது. கர்ப்பிணிக்கும் தாய்க்கும் பராமரிப்பு என்பது அந்தத் தருமத்தின் பழைய பகுதியே என்று வாத்தியார் ஐயா ஆதாரத்தோடு எழுதிக் கொடுத்தால், நாங்கள் மகளிர் குழு வழியாக மனுப் போடுகிறோம். மனுவுக்குப் பதில் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். எங்கள் ஊர் ஆற்றோரத்தில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. முகூர்த்தம் இல்லாத நாளில் சும்மா பூட்டிக் கிடக்கிறது. சமையல்கட்டு, குளியலறை, கூடம் எல்லாம் இருக்கிறது. குழுவில் 20 பேர். சமையலுக்கு ஆள் வைத்துவிடலாம். பஸ் செலவு கிடையாது, 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லையே. வைகாசியில் வைக்கலாம் என்று நினைக்கிறேன், பிள்ளைகளுக்கும் லீவு.

நீடாமங்கலம் யமுனா:

வைகாசியில் ஆற்றில் என்ன இருக்கும்? மணல்தான். மேட்டூர் திறப்பதே ஜூன் 12. அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால். அது கடைமடை வந்து சேர இன்னும் நாளாகும்.

வெண்ணாற்று வரப்பு:

இதுதான் நம் ஊர்ச் சிக்கலே. ஆற்றில் தண்ணீர் ஓடும்போது எங்கள் பெண்களுக்கு நாற்றுப் பறி, நடவு, களை. வேலை இல்லாதபோது ஆற்றில் மணல். ஆனி தொடங்கிக் கார்த்திகை வரை கூப்பிட்டால் ஒருத்தியும் வரமாட்டாள், கூலி போய்விடும். பங்குனி சித்திரையில் கூப்பிட்டால் கையில் காசு இருக்காது, வெயில் வேறு. உளுந்து பயறு பறிக்கப் போய்விடுவார்கள்.

முத்தாம்பாள்புரத்து வாத்தியார்:

மார்கழிக் கடைசியைப் பாருங்கள். சம்பா கதிர் முற்றித் தலைசாய்ந்திருக்கும், அறுப்பு தொடங்கியிருக்காது. மழை ஓய்ந்திருக்கும். மேட்டூரை ஜனவரி 28-ல்தான் மூடுவது வழக்கம், அதனால் ஆற்றில் இன்னும் ஓட்டம் இருக்கும். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபமும் காலி.

குடமுருட்டிக் கரை:

ஐயா, இது எனக்குத் தோன்றவே இல்லை. மண்டபக்காரரிடம் வாடகையும் குறைத்துக் கேட்கலாம்.

வெண்ணாற்று வரப்பு:

கடைசிவரை போகாமல் மார்கழி நடுவிலேயே வைத்தால் அரையாண்டு லீவும் சேர்ந்து வரும். பிள்ளைகளையும் கூட்டி வரலாம். பார்த்துக்கொள்ளக் கல்லூரிப் பெண்கள் நாலு பேரை நான் பேசி வைக்கிறேன். முதல் முறைக்கு 10 நாள் வேண்டாம், 5 நாள் வையுங்கள். 10 நாள் என்றால் வீட்டில் விடமாட்டார்கள். வந்து போனவர்களே அடுத்த முறைக்குச் சண்டை போட்டு வாங்கிவிடுவார்கள். ரத்த அளவும் பிரஷரும் சர்க்கரையும் முதல் நாளே நான் பார்த்துவிடுகிறேன், ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மாவிடம் ஒரு நாள் வரச் சொல்லிக் கேட்கிறேன்.

யாரை முதலில் கூப்பிடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழுக் கூட்டத்துக்கு ஒழுங்காக வருகிறவர்களை வேண்டாம். கூட்டத்துக்கு வரவே நேரமில்லாத பெண்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். படுத்த படுக்கையாக மாமனார், மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளை, குடிக்கிற புருஷன் என்று. என் பதிவேட்டில் எல்லாருடைய வீடும் இருக்கிறது. ஆனால் அவள் வெளியே வரும் 5 நாளும் அந்த மாமனாருக்குக் கஞ்சி ஊற்ற ஆள் வேண்டும். குழுவில் அதற்கு யார் யார் முன்வருகிறார்கள் என்று முதலில் பெயர் எழுதுங்கள் அக்கா. மண்டபத்துக்கு முன்பணம் அதற்குப் பிறகு கட்டலாம்.

நன்னிலம் தம்பி:

கஞ்சி ஊற்ற ஆம்பளைங்க வரலாமா? நான் வர்றேன். இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வர்றேன்.

வெண்ணாற்று வரப்பு:

வாங்க தம்பி. படுக்கையில் இருப்பவரைப் புரட்டிப் படுக்க வைக்கத் தெரியணும், புண் வராமல் பார்க்கணும். மார்கழிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் சொல்லித் தருகிறேன்.